தொட்டிச் செடிக்கு என்ன பசி?

மீன் தொட்டி பற்றிப் பேசினாலே எனக்கு வர்ற கேள்விகளில் பாதி மீனைப் பற்றி இருக்காது, செடியைப் பற்றித்தான் இருக்கும். கேள்வியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "கொளத்தூர்ல வாங்கினப்போ பச்சைப் பசேல்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரத்துல இலையெல்லாம் கரைஞ்சு போச்சு. என்ன உரம் போடணும்?"

இந்தக் கேள்வியோடு கடைக்குப் போனா ஒரு பாட்டில் தருவாங்க. அடுத்த மாசம் பாசி பிடிச்சிருச்சுன்னு போனா இன்னொரு பாட்டில். அப்புறம் பளிச்சுனு எரியற ஒரு லைட். மூணு மாசத்துல நாலாயிரம், அஞ்சாயிரம் செலவாகியிருக்கும், தொட்டி பச்சைக் குழம்பு மாதிரி இருக்கும். அதோட நிறைய பேர் செடியே வேண்டாம்னு பிளாஸ்டிக் செடிக்குப் போயிடறாங்க. செடிக்கு எவ்வளவு பசி, அந்தப் பசியை எது தீர்மானிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையே இல்லை. இன்னைக்கு எபிசோடு அதைப் பற்றித்தான்.

முதல்ல அந்த இலை கரையற விஷயத்தை முடிச்சிடலாம். கடையில் கிடைக்கும் செடிகளில் நிறைய, பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. வேர் மட்டும் ஈரத்தில் இருக்கும், இலை காற்றில் இருக்கும். அப்படி வளர்த்தா சீக்கிரம் வளரும், பாசி பிடிக்காது. ஆனா காற்றுக்காகச் செஞ்ச இலை கொஞ்சம் தடிமனா, மேலே மெழுகுப் பூச்சோட இருக்கும். அதைத் தண்ணிக்குள்ள முக்கினா அந்த இலையால் பெரிசா பிரயோஜனம் இல்லை. செடி அதைக் கைவிட்டுட்டு, மெல்லிசா வேற இலை விடும். இதுக்கு ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் வரை ஆகலாம். கிரிப்டோகோரைன் இந்த விஷயத்துல ரொம்பப் பிரசித்தம். இடம் மாற்றினாலே மொத்த இலையையும் உதிர்த்துட்டு, வேரில் இருந்து மறுபடி துளிர்க்கும்.

அதனால இலையைப் பார்த்துப் பதறாம தண்டையும் வேரையும் தொட்டுப் பாருங்க. கெட்டியா இருந்தா செடி உயிரோடதான் இருக்கு. அழுகின இலையை மட்டும் கிள்ளி எடுத்துட்டு காத்திருங்க. ஒரு விதிவிலக்கு இருக்கு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டுக்கும் இஞ்சி மாதிரி ஒரு கிழங்குத் தண்டு உண்டு. அதை மணலுக்குள்ள புதைச்சா அழுகிடும். கல்லுலயோ கட்டையிலயோ நூல் போட்டுக் கட்டி வைக்கணும்.

சரி, இப்போ பசிக்கு வருவோம். ஒரு செடியை நல்லா உலர்த்தி 100 கிராம் எடுத்தா, அதில் சுமார் 40 கிராம் கார்பன். நைட்ரஜன் 2-லிருந்து 4 கிராம். பொட்டாசியமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பாஸ்பரஸ் 1 கிராமுக்கும் கீழே. இரும்பெல்லாம் மில்லிகிராம் கணக்கு. நாம பாட்டிலில் வாங்குவது இந்தக் கடைசி வரிசையில் இருக்கிற சாமான்களை. அந்த 40 கிராம் கார்பன் எங்கிருந்து வருது?

தோட்டத்துச் செடிக்குக் காற்றிலிருந்து வருது. தண்ணிக்குள்ள இருக்கிற செடிக்கு, தண்ணியில் கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடுதான் முதல் வழி. அங்கேதான் சிக்கல். கரைஞ்சிருக்கிற அளவே குறைவு. அதோட, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அந்த வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுது. இலையைச் சுற்றி இருப்பதைச் செடி தின்னு முடிச்சிட்டா, பக்கத்துல இருந்து அடுத்தது வந்து சேர நேரம் பிடிக்கும். சாதாரண தொட்டியில் செடி மெதுவா வளரக் காரணம் பெரும்பாலும் உரக்குறைவு இல்லை, இந்தக் கார்பன் குறைவு.

1840-களில் ஜெர்மனியில் யூஸ்டுஸ் லீபிக் என்ற வேதியியலாளர் பிரபலப்படுத்திய ஒரு விதி இருக்கு. அவருக்கு முன்னாடியே கார்ல் ஸ்ப்ரெங்கல் அதைச் சொல்லியிருந்தார். தேவையான சத்துகளில் எது எல்லாத்தையும் விடப் பற்றாக்குறையோ, அதுதான் வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும். மத்ததை எவ்வளவு கொட்டினாலும் வேகம் கூடாது. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். டேட்டாபேஸ் திணறிக்கிட்டு இருக்கும்போது சர்வருக்கு ரேம் வாங்கிப் போட்டா என்ன ஆகும்? பில்தான் ஏறும்.

இந்த விதியில் லைட் எங்கே வருது? தோசைக் கடையை நினைச்சுக்கோங்க. லைட் என்பது வாசலில் நிற்கும் கூட்டம். கார்பன்தான் மாவு. நைட்ரஜன், பொட்டாசியம், இரும்பு எல்லாம் எண்ணெய், உப்பு, சட்னி. மாவு ஒரு குண்டான்தான் இருக்கு, வாசலில் இருபது பேர். ஆளுக்கு ரெண்டு தோசை போட்டு எல்லாரையும் அனுப்பிடலாம். அதே மாவை வெச்சுக்கிட்டு இருநூறு பேரைக் கூப்பிட்டா? நம்ம கடையில் தோசை கிடைக்காதவன் பசியோட வீட்டுக்குப் போக மாட்டான், பக்கத்துக் கடைக்குப் போவான். தொட்டியில் அந்தப் பக்கத்துக் கடைதான் பாசி. அதுக்குப் பெரிய முதலீடே வேண்டாம். கொஞ்சம் சத்து, மிச்சம் இருக்கிற வெளிச்சம், அது போதும்.

பளிச் லைட் வாங்கினதும் பாசி பிடிப்பதுக்கு இதுதான் காரணம். வெளிச்சம் கூடினா செடியோட பசி கூடும். அந்தப் பசிக்குக் கார்பன் இல்லாதப்போ செடி நின்னுடும், வெளிச்சம் நிற்காது. இந்த நிலைமையில் உரம் ஊத்தறது, மாவு தீர்ந்த கடையில் இன்னும் ரெண்டு வாளி சட்னி அரைக்கிற மாதிரி.

அதனால முதல் வேலை லைட்டை அடக்குவது. சாதாரண பிளக் டைமர் ஒண்ணு வாங்குங்க. தினமும் ஒரே நேரம், 6 மணி நேரம் மட்டும். வேலை முடிஞ்சு வந்து தொட்டியைப் பார்க்கணும்னா சாயங்காலம் 5-லிருந்து 11 வரை வைங்க, செடி கோவிச்சுக்காது. ஜன்னல் வெயில் நேரா விழற இடத்துல தொட்டியை வைக்காதீங்க. லைட்டில் வெளிச்சத்தைக் குறைக்கிற வசதி இருந்தா பாதியில் ஆரம்பிங்க, இல்லைன்னா லைட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டுங்க. ஒரு மாசம் செடி நல்லா வந்து பாசியும் இல்லைன்னா 7 மணி நேரம், அப்புறம் 8. அதுக்கு மேல தேவைப்படாது.

இங்கிருந்து ரெண்டு வழி பிரியுது. ரெண்டுக்கும் பெரிய ஆட்கள் உண்டு. ஜப்பானில் தகாஷி அமானோ. 1954-ல் நீகாட்டாவில் பிறந்தவர், தொழில்முறை சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1982-ல் அக்வா டிசைன் அமானோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நல்ல வெளிச்சம், சிலிண்டரில் இருந்து கார்பன் டை ஆக்சைடு, அளந்து உரம், வாராவாரம் தண்ணீர் மாற்றுவது என்பது அவர் வழி. லிஸ்பன் ஓஷனேரியத்தில் 2015-ல் திறந்த 40 மீட்டர் நீளத் தொட்டி அவருடைய கடைசிப் பெரிய வேலை. ரீல்ஸ்ல நீங்க பார்க்கிற பச்சைக் கம்பளம், சிவப்புச் செடி எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில் வளர்ந்தவை.

இன்னொரு பக்கம் அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட். 1999-ல் அவர் எழுதின புத்தகம் இந்தப் பொழுதுபோக்கையே மாற்றிடுச்சு. அடியில் சாதாரண மண், மேலே சரளை, மிதமான வெளிச்சம், சிலிண்டர் கிடையாது, உரப் பாட்டிலும் கிடையாது. மீனுக்குப் போடற தீனியே செடிக்கு உரம் என்பது அவர் வாதம்.

இந்த ரெண்டையும் பாதிப் பாதியா கலக்கும்போதுதான் நம்ம ஆட்கள் மாட்டிக்கிறாங்க. அமானோ தொட்டிக்கான லைட், வால்ஸ்டாட் தொட்டிக்கான கார்பன். முதல் தொட்டின்னா ரெண்டாவது வழியில் போங்கன்னுதான் சொல்வேன். காரணம் பணம் மட்டும் இல்லை. சிலிண்டர் வழியில் தப்பு நடந்தா சாவது மீன். கரைஞ்ச வாயுவை லிட்டருக்கு 20-லிருந்து 30 மில்லிகிராமுக்குள் வைக்கப் பார்க்கறாங்க. அதைத் தாண்டினா மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ராத்திரி லைட் அணைஞ்ச பிறகு செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். வால்வை மூட மறந்துட்டுத் தூங்கினா காலையில் மொத்த மீனும் போயிருக்கும். அந்த வழிக்குத்தான் போவேன்னா, லைட்டோட சேர்ந்து தானா மூடற சோலினாய்டு வால்வும், நிறம் மாறிக் காட்டற டிராப் செக்கரும் முதல் நாளே இருக்கணும். நீலம்னா குறைவு, பச்சைன்னா சரி, மஞ்சள்னா ஆபத்து. அந்த நிறம் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால மீன் நடந்துக்கிற விதத்தையும் பாருங்க. மீன் மூச்சுத் திணறினா வாயுவை நிறுத்தி, ஏர் பம்பைப் போட்டு, கொஞ்சம் தண்ணி மாத்துங்க.

'லிக்விட் கார்பன்'னு விக்கிற பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யப் பயன்படற ரசாயனம். பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனா வாலிஸ்நேரியா மாதிரிச் செடியையும் கரைச்சிடும், அளவு தப்பினா மீனுக்கும் ஆகாது. வாயுவுக்கு அது மாற்று இல்லை.

இப்போ ரெண்டாவது வழியில் சாப்பாட்டுக் கணக்கு. ரெண்டடித் தொட்டி, சரளை போக சுமார் 50 லிட்டர் தண்ணின்னு வெச்சுக்கோங்க. மீன் தீனியில் புரதம் 40 சதவீதம்னா, 1 கிராம் தீனியில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன். தினமும் 0.2 கிராம், அதாவது ரெண்டு சின்னச் சிட்டிகை போட்டா, வாரத்துக்கு 1.4 கிராம் தீனி, 90 மில்லிகிராம் நைட்ரஜன். எல்லாம் நைட்ரேட்டா மாறினா லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை வரும். கொஞ்சம் மீன் உடம்பில் தங்கிடும், மிச்சம் செடிக்கு. மெதுவா வளர்ற தொட்டிக்கு அது பெரும்பாலும் போதும். பாஸ்பரஸும் தீனியிலேயே தாராளமா இருக்கு. தீனியில் குறையக்கூடியது பொட்டாசியமும் இரும்பும்தான்.

அதை இலையே காட்டிக் கொடுக்கும். நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் மூணும் செடிக்குள்ள இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தா செடி பழைய இலையில் இருந்து உருவி புது இலைக்குக் கொடுக்கும். அப்போ அடி இலைதான் முதலில் வாடும். அடி இலை முழுக்க மஞ்சளானா நைட்ரஜனைச் சந்தேகப்படுங்க. அடி இலையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து பெரிசானா பொட்டாசியம். இரும்பு இடம் மாறாது. அது குறைஞ்சா புதுத் துளிர் வெளிறிப் போகும், நரம்பு மட்டும் பச்சையா தெரியும்.

சத்து எந்தப் பக்கம் போகணும்னும் பாருங்க. கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா ரெண்டும் வேர் வழியா நல்லாச் சாப்பிடும், அதுக்கு மண்ணுக்குள்ள புதைக்கிற உர மாத்திரை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் தண்ணியில் இருந்து எடுக்கும், அதுக்குத் தண்ணியில் கலக்கணும்.

பாட்டில் வாங்கித்தான் ஆகணுமா? வேண்டாம். சொட்டு நீர்ப் பாசனத்துக்கு விக்கிற உரம், உரக்கடையில் 13-0-45 என்ற பெயரில் இருக்கும், அதுதான் பொட்டாசியம் நைட்ரேட். 10 கிராமை 200 மில்லி தண்ணியில் கரைச்சு வெச்சுக்கோங்க. அதில் 10 மில்லி எடுத்தா அரை கிராம். 50 லிட்டர் தொட்டியில் ஊத்தினா லிட்டருக்கு நைட்ரேட் சுமார் 6 மில்லிகிராம், பொட்டாசியம் சுமார் 4 மில்லிகிராம் ஏறும். நான் சொன்ன மாதிரி லைட்டை அடக்கின தொட்டிக்கு வாரம் ஒருமுறை தண்ணி மாத்தின பிறகு இது போதும். இரும்புக்கு, கீலேட் செய்த நுண்ணூட்டக் கலவையை மிகக் குறைந்த அளவில் போடுங்க. பொட்டாசியம் நைட்ரேட்டை நெருப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாம வைங்க.

உரக்கடையில் ஒண்ணை மட்டும் வாங்கிடாதீங்க. 19-19-19, யூரியா, அந்த வகையறா. மாடித் தோட்டத்துக்கு வாங்கினது வீட்டில் இருக்கும், 'இதுவும் செடி, அதுவும் செடி'ன்னு தோணும். அதில் இருக்கிற நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் இருக்கும். தண்ணி 30 டிகிரி, பி.எச். 7 இருந்தா, அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் மீனுக்கு விஷமாகும் வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆனா அது சுமார் 7 பங்கு. சென்னை போர் தண்ணியில் பி.எச். 8 ஒண்ணும் அதிசயம் இல்லை, 30 டிகிரியும் அதிசயம் இல்லை. அப்புறம் மீனைக் காப்பாத்தறது கஷ்டம்.

தண்ணியைப் பற்றிச் சொன்னதால இன்னும் ரெண்டு விஷயம். உப்புத்தண்ணின்னு நாம திட்டற கடினமான போர் தண்ணியில் கால்சியமும் மெக்னீசியமும் பொதுவா போதுமான அளவு இருக்கும். அதோட பைகார்பனேட்டும் இருக்கும். வாலிஸ்நேரியா, நம்ம ஏரியில் வளர்ற வேலம்பாசி மாதிரிச் செடிகளால் அந்தப் பைகார்பனேட்டில் இருந்தே கார்பனை எடுக்க முடியும். சிலிண்டர் இல்லாத சென்னைத் தொட்டிக்கு வாலிஸ்நேரியாவை நான் முதல் செடியா சொல்றது அதனாலதான். ரெண்டாவது கிரிப்டோகோரைன் வென்டி, இலங்கை ஓடைகளில் இருந்து வந்தது, நம்ம சூட்டைத் தாங்கும். நல்ல தண்ணின்னு நினைச்சு முழுக்க ஆர்.ஓ. தண்ணி ஊத்தறவங்க, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துட்டுத்தான் ஊத்தறீங்கன்னு ஞாபகம் வைங்க. அதைத் திருப்பிச் சேர்க்கணும், இல்லைன்னா பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணி கலக்கணும். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தா அதை நீக்கும் மருந்து போட மறக்காதீங்க.

கடைசியா, எதை மாத்தினாலும் ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. லைட் நேரம், உரம், தண்ணி மூணையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு யாராலும் சொல்ல முடியாது. ஒரே கமிட்ல பத்து மாற்றம் போட்டா பக் எங்கேன்னு தேடற மாதிரிதான். ஒண்ணை மாத்துங்க, ரெண்டு வாரம் விடுங்க, புதுசா வந்த இலையை மட்டும் பாருங்க. கெட்டுப்போன பழைய இலை திரும்பித் தேறாது, அதை வெச்சு முடிவு எடுக்காதீங்க. வாராவாரம் ஒரே இடத்தில் இருந்து ஒரு போட்டோ எடுத்து வைங்க.

எல்லாம் சரியா நடந்தா மூணு, நாலு மாசத்துல செடியை வெட்டவேண்டி வரும். வெட்டினதை நண்பருக்குக் கொடுங்க, இல்லைன்னா வெயிலில் காயவெச்சு பூந்தொட்டியில் உரமாப் போடுங்க. தொட்டியில் மாத்தற பழைய தண்ணியும் பால்கனிச் செடிக்கு நல்ல சாப்பாடு. ஏரியிலயோ கால்வாயிலயோ மட்டும் வீசாதீங்க. நம்ம ஏரிகளை மூடிக்கிட்டிருக்கிற ஆகாயத்தாமரை தென் அமெரிக்காச் செடி, அழகுக்காக மனுஷங்க கொண்டு போய்த்தான் அது உலகம் முழுக்கப் பரவிச்சு. ஒரு சின்னத் துண்டில் இருந்து முழுச் செடி வர்ற வகைகள்தான் நம்ம தொட்டியிலும் நிறைய இருக்கு.

அவ்வளவுதான் மக்களே. புதுசா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி உங்க தொட்டி லைட் எத்தனை மணி நேரம் எரியுதுன்னு கணக்குப் பாருங்க. பத்து, பன்னிரண்டுன்னு வந்தா முதல்ல அதைக் குறைங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் புது இலை எப்படி இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.